வேலியைத் தாழ்த்திய பிறகு

என் அன்பானவருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கம்பெனி ஆபீசில் கேட்டால், உங்கள் கப்பலிலிருந்து தகவல் வந்ததும் சொல்கிறோம் என்கிறார்கள். போன மாதமும் இதையேதான் சொன்னார்கள்.

நீங்கள் புறப்படும் முன் பேசிவைத்த தோட்டக்காரம்மா வேலையை முடித்துவிட்டார். கையகல இடத்தில் என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். செடி வாங்குவதற்கு முன்பே பின்வேலியை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டார். "பக்கத்து வீட்டு மரமும் பின்னாடி குன்றும் சும்மாதானே நிக்குது, அதையும் நம்ம தோட்டத்துல சேர்த்துக்குவோம்" என்று சிரித்தார். இரண்டு பக்கமும் உயரமாகப் புதர் வைத்து நடுவில் இடம் விட்டதும், தோட்டம் குன்றுவரை நீண்டுவிட்டது. சமையலறை ஜன்னலில் நின்றால் அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரிவதில்லை.

ஒரே ஒரு குறை. அந்த மரத்தடியில் ஒரு துணிக்கொடி. அதில் தினமும் ஒரு சின்னப் பெண்ணின் கவுன்கள் மட்டும் தொங்கும். கொடியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லலாம் என்று போனேன். அந்த வீட்டில் குழந்தைச் சத்தமே கேட்டதில்லையே என்று எனக்கு உறைக்கவில்லை, பாருங்கள்.

அந்த வீட்டு அக்கா உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் வாய் திறப்பதற்குள், "போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டா. பெட்டியில வச்சா பூஞ்சை பிடிக்குது, அதான் அலசிப் போடுறேன்" என்றார், மழை வருமா என்று பேசுகிற குரலில். கொடியைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை.

மூங்கில் வைத்து மறைத்துவிடலாம் என்றார் தோட்டக்காரம்மா. வேண்டாம் என்றுவிட்டேன். ஆனால் காற்றடித்தால் அந்தக் கவுன்களின் கைகள் மேலெழும்பிக் கூப்பிடுகின்றன. ஜன்னலைச் சாத்தினாலும் தெரிகிறது.

இன்னொன்று, கோபப்படாதீர்கள். உங்கள் சட்டைகளை நானும் அலசிக் காயப்போடத் தொடங்கியிருக்கிறேன். அலமாரியிலேயே கிடந்தால் வாடை வந்துவிடும் என்றுதான். வேறொன்றும் இல்லை.

நேற்று அந்த அக்கா வேலியோரம் நின்று நம் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலி தாழ்ந்தது அவருக்கும்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. "வீட்டுக்காரர் வந்துட்டாராம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். "இன்னும் இல்லக்கா, வெள்ளிக்கிழமை வர்றார்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "அப்ப இஸ்திரி போட்டு வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எந்த வெள்ளிக்கிழமை என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எந்த வெள்ளிக்கிழமை வந்தாலும் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
வீட்டுக்காரி