இன்னும் ஒருவர் வர வேண்டும்

என் அருமைத் தம்பிக்கு,

பிறர் வாயை நம்பிப் பிழைக்கும் உன் அண்ணன், கர்த்தர் கிருபையால் உயிரோடிருந்து எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம், என் முழங்கால்களைத் தவிர. அவை உன் பேச்சை எடுத்தாலே முறைத்துக்கொள்கின்றன. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மாடி ஏறும்போது நான் மூச்சு வாங்குவது ஓட்டை ஹார்மோனியம் மாதிரி இருக்கிறதாம். அதை உனக்குக் கட்டாயம் எழுத வேண்டும் என்று உன் அண்ணி பக்கத்தில் நின்று சொன்னாள். எழுதிவிட்டேன், போய்விட்டாள்.

நீதான் எழுதுவதில்லை. ஆனால் உன் அறையில் தங்கியிருக்கும் சமையல்காரர் போனில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுகிறார். கட்டில் இருந்தும் தரையில் படுக்கிறாயாம். கிடங்கில் மற்றவர்கள் இளைப்பாறும்போதும் நீ மூட்டை சுமக்கிறாயாம், அதுவும் லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் படியேறி. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறாயாம். திருவிருந்து அப்பம் கொடுக்கும் நேரம் வந்ததும் எழுந்து வெளியே போய்விடுகிறாயாம். அந்த மனிதரைக் கோள்மூட்டி என்று நினைக்காதே. நான்தான் கிண்டிக் கிளறிக் கேட்டேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கட்டடத்து லிஃப்ட் விஷயம்.

அந்தப் பேச்சே வேண்டாம் என்பாய். நாங்கள் விட்டாலும் அது எங்களை விடுவதாயில்லை. நீ போன பிறகு வேறு கம்பெனி ஆட்கள் வந்து கதவு, பூட்டு, ஒயர் எல்லாவற்றையும் மாற்றினார்கள். ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மழை விட்ட பிறகு ஆரம்பித்தது கூத்து. விளக்குப் போடும் நேரத்துக்கு, யாரும் பட்டனைத் தொடாமல், அது தானாகக் கிளம்பி நம் மாடிக்கு வருகிறது. கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது. ஏற ஆளில்லாவிட்டாலும் நிற்கிறது. இருட்டிய பிறகு, மனசில்லாமல் எழுந்து போகிற விருந்தாளியைப் போல மெதுவாக மூடிக்கொண்டு கீழே போகிறது.

லிஃப்ட் ஓடும் சுவரும் என் பட்டறைச் சுவரும் ஒன்று. அது மேலே வரும்போது, அலமாரியில் காயவைத்திருக்கும் பல்செட்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் கடகடவென்று அடித்துக்கொள்கின்றன. முகமில்லாத கூட்டம் ஒன்று குளிரில் நடுங்குவதுபோல இருக்கும். ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பு செய்து கொடுத்தவன் நான். அந்தக் கச்சேரியில் என் சொந்தப் பற்களும் போய்ச் சேர்ந்துகொள்வதைத்தான் தடுக்க முடியவில்லை.

புது மெக்கானிக் வந்து பார்த்தான். நம் மாடிப் பட்டனின் ஒயரையே கழற்றிவிட்டான். மறுநாளும் வந்தது. அடுத்த தடவை மின்சாரத்தை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனானாம். திரும்பி வந்தால் நம் மாடியில் விளக்கெரிய நின்றதாம். அதற்குமேல் அவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கருவிப்பையை எடுத்துப்போக மாமனாரை அனுப்பினான். கட்டடச் செயலாளர் போதகரை அழைத்து வந்தார். போதகர் லிஃப்ட் வாசலில் கண்ணீர் மல்க ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் காப்பி குடிக்க எங்கள் வீட்டுக்கு வந்தார், படியில்தான்.

செத்துப்போன கண்டக்டர்தான் பழிவாங்க வருகிறார் என்று கட்டடமே கிசுகிசுக்கிறது. அந்தக் கதைக்கு வாலும் கொம்பும் வைத்ததில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. இப்போது என் சரக்கைக் கேட்டு நானே பயந்து படியேறுகிறேன். முழங்கால்களின் கோபம் இப்போது உனக்கு விளங்கியிருக்கும்.

எதிர்வீட்டுக் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் லிஃப்ட்டைப் பஸ்ஸாகவே பாவித்தவர். கதவில் காலை வைத்துக்கொண்டு, உள்ளே போங்கள், உள்ளே போங்கள் என்று எல்லோரையும் பின்சுவரோடு ஒட்டவைப்பார். தூரத்தில் செருப்புச் சத்தம் கேட்டுவிட்டால் போதும், "இன்னும் ஒருத்தர் வரணும்" என்று நிறுத்திவிடுவார். ஆள் வந்து ஏறிய பிறகுதான் பக்கச் சுவரில் இரண்டு தட்டு, புறப்பட. அன்றைக்கும், இரண்டு கையிலும் பையோடு பின்னால் வந்த மனைவிக்காகக் கதவைப் பிடிக்கத்தான் முந்திக்கொண்டு காலை வைத்தார். கதவு திறந்திருந்தது, பெட்டி அங்கே இல்லை; பள்ளத்தில் விழுந்து இறந்தார். லிஃப்ட்டைப் பழுதுபார்க்க வந்த நீ, சோதனைக்காகப் பூட்டை வேலை செய்யவிடாமல் குறுக்கே மாட்டி, கழற்ற மறந்த அந்த விரல் நீள ஒயரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் உனக்குக் கொடுத்ததை அனுபவித்து முடித்துவிட்டாய். சட்டமே விட்டுவிட்டது. உன்னை விடாதவன் நீ ஒருவன்தான்.

கண்டக்டரம்மா உனக்குப் போன் செய்த விஷயம் எனக்குத் தெரியும். ஒரு தடவையாவது என்னைத் திட்டுங்கள் அம்மா என்று அழுதாயாம். ஆண்டவருக்குள் உன்னை மன்னித்துவிட்டேன் என்று அவர் சொன்னதும் போனை வைத்துவிட்டாயாம். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாய், இல்லையா?

போன வாரம் அவர் பல்செட்டைக் கையில் ஏந்திக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். நான் அளவெடுத்துச் செய்தது; தாடையோடு பிறந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. இப்போது வாய்க்குள் ஊஞ்சலாடுகிறது. உடம்பு எவ்வளவு வற்றினால் ஈறு அப்படி வற்றும் என்பது என் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும். புதிதாகச் செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம், இதையே கொஞ்சம் இறுக்கிக் கொடுங்கள், இது போதும் என்றார். எதுவரைக்கும் போதும் என்று நான் கேட்கவில்லை.

அப்போதுதான் அலமாரி நடுங்க ஆரம்பித்தது.

அவர் எழுந்து வெளியே போனார். லிஃப்ட் திறந்து நின்றது. கட்டடம் முழுக்கக் கதை பரப்புகிறவர் ஒரு தடவை ஏறிப் பார்க்கக் கூடாதா என்று என்னைக் கேலி செய்துவிட்டு உள்ளே போனார். ஒரு பெண்பிள்ளை தனியாகப் போகும்போது நான் வாசலில் நின்றால் மானம் போகுமே என்று நானும் ஏறினேன். கீழ்த்தளத்துக்குப் பட்டனை அழுத்தினேன். கதவு அசையவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். அசையவில்லை. பிறகுதான் கவனித்தேன், தம்பி. நாங்கள் இரண்டு பேருமே பின்சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தோம். முன்பக்கம் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. யாரும் எங்களை உள்ளே போகச் சொல்லவில்லை. நாங்கள் எப்போது நகர்ந்தோம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இது உங்கள் வீட்டுக்காரர்தானா என்று கேட்டேன். கண்டக்டரம்மா என்னைப் பச்சைப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அவரு ஆண்டவர்கிட்ட பத்திரமா இருக்காரு. லிஃப்ட்ல சுத்திக்கிட்டிருக்க அவருக்கு என்ன தலையெழுத்து? கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு யாரு நிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா, பல்லுக்காரரே?"

ஆண்டவரைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. பேயென்றால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

முதலில் தனக்காகத்தான் நிற்கிறதோ என்று நினைத்தாராம். முந்தின வாரமே துணிந்து ஏறிப் பார்த்தாராம். நகரவில்லையாம். அப்புறம் உன்னைப் பற்றிப் பேச்செடுத்தார். நீ மூட்டை சுமப்பதையும் தரையில் படுப்பதையும் நான்தான் சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டு, நிதானமாக ஒன்று கேட்டார். அவர் கேட்டபடியே எழுதுகிறேன்.

"மன்னிக்கிறதுக்கு என்கிட்ட சொந்தமா ஒண்ணும் இல்ல. இயேசு சிந்தின ரத்தத்துல இருந்துதான் எனக்கே கெடச்சுது. அது எனக்குப் போதுது, உங்க தம்பிக்குப் போதலையாமா? அதுக்கு மேல அவன் முதுகால என்ன சேக்கப் போறான்?"

பதிலுக்குப் பதில் பேசும் உன் அண்ணன், பின்சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டான்.

அவர் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, பஸ்ஸை நிறுத்திவைத்த டிரைவரிடம் சொல்கிற தோரணையில், அவன் வருவான் என்றார். பக்கச் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. தட்டியது அவரில்லை, நானில்லை. சத்தம் வெளியிலிருந்து வந்தது, ஆள் நிற்கவே முடியாத அந்தப் பள்ளத்திலிருந்து. கதவு மூடிக்கொண்டது. இறகு இறங்குவதுபோலக் கீழே கொண்டுபோய் விட்டது.

கோளாறு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு விளக்கத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. உன் அண்ணி எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். திருவிருந்தில் அப்பத்தை வாங்க வழக்கம்போல் கையை நீட்டினேன். இத்தனை வருடமும் வெறுங்கையைத்தான் நீட்டிக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வெறுங்கை என்று யாரும் கொடுக்காமல் போகவில்லை. கண்டக்டரம்மா என் பக்கத்து வரிசையில் முழங்காலிட்டிருந்தார். தன் பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டிருந்தார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அலமாரி நடுங்கிவிட்டது. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நிற்கிறது. எதிர்வீட்டுக் கதவும் திறந்திருக்கிறது. முன்பெல்லாம் கண்டக்டரம்மா எழுந்து வாசலுக்கு வந்து நிற்பார். இப்போது நாற்காலியில் சாய்ந்தபடியே பார்க்கிறார்.

தம்பி, சீக்கிரம் கிளம்பு. தகுதி வரட்டும் என்று காத்திராதே, வராது. உனக்கும் வராது, எனக்கும் வராது. கையில் எதையும் கொண்டு வராதே. கதவைத் திறந்து வைத்திருக்கிறவர் உன்னை வழிநெடுகக் காப்பாராக.

ஒன்றே ஒன்று. வரும்போது படியில் ஏறி வராதே.

உன் வரவுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்,
உன் அண்ணன்