நீரஜாவைப் பற்றி நான் எழுதிய பொய்

மயிலாப்பூர்
18-6-1974

சௌபாக்கியவதி சீதாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். துர்காபூரில் நீங்கள் நால்வரும் க்ஷேமமாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். மே ஐந்தாம் தேதி நீ போட்ட கடிதம் ரயில் வேலைநிறுத்தத்தில் எங்கேயோ மாட்டிக்கொண்டு இந்த மாதம் பத்தாம் தேதிதான் வந்து சேர்ந்தது. சின்னவனுக்குப் பொன்னுக்குவீங்கி வடிந்துவிட்டது என்று படித்ததில் அம்மாவுக்கு நிம்மதி, ஆறு வாரம் ஆகிவிட்டது என்றாலும் இன்னும் பத்து நாளைக்குப் புளிப்பு காட்டாதே என்று எழுதச் சொன்னாள். இங்கே குழாயில் விடியற்காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வருகிறது, கிணறும் வற்றவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்போதும் போல. இதெல்லாம் எழுதவேண்டிய செய்திதான், ஆனால் இன்று நான் பேனாவை எடுத்தது இதற்காக இல்லை.

ஆவணியில் வரும்போது நேரே தியாகராய நகருக்குப் போய் நீரஜாவின் அம்மாவை நாலு கேள்வி கேட்டு, தம்பிக்கு ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் ஊர் திரும்புவேன் என்று எழுதியிருக்கிறாய். நீ அப்படிப் போகக்கூடாது. போனால் அந்தப் பாவம் என்னைச் சேரும். இதைக் குழந்தைகள் இல்லாத நேரத்தில் தனியாக உட்கார்ந்து படி. மாப்பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், சொல்லாதே என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இப்போது இல்லை. தை மாதம் நான் உனக்கு எழுதிய கடிதத்தில், நீரஜா பிறந்தகம் போய்விட்டாள், இருவருக்கும் சுபாவம் ஒத்துவரவில்லை, அவளுக்கு வேலை பார்க்கிறோம் என்ற கர்வம் கொஞ்சம் உண்டு என்று எழுதியிருந்தேன். அது பொய். முப்பத்தொரு வருஷம் ஹைகோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். ஒவ்வொரு தாளின் அடியிலும் இது மூலத்துக்கு உண்மையானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன். அப்பா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நீ நம்பினாய். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தேன்.

குற்றம் உன் தம்பியிடத்தில், நம் அம்பியிடத்தில். அதற்கு என்ன பெயர் எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். கோர்ட்டுக் காகிதங்களில் ஆபாசப் பிரசுரம் என்று எழுதுவோம், அதையே எழுதிவிடுகிறேன். படங்களும் புத்தகங்களும். வெளிநாட்டிலிருந்து வருபவை, இங்கேயே மட்டக் காகிதத்தில் அச்சடிப்பவை, எல்லாம். ஏதோ வாலிப வயதில் ஒரு தடவை பார்த்தான் என்கிற சங்கதி இல்லை சீதா. கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டாம். வரவர அது இல்லாமல் ஒரு நாள் போகாது என்று ஆகி, பாதி நாள் கோர்ட்டுக்குப் போகாமல், சீனியர் வக்கீலிடம் பொய் சொல்லி, வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறான். கேஸ் படிக்கிறான் என்று நானும் அம்மாவும் கூடத்தில் ரேடியோவைக் கூடச் சின்னதாக வைத்துக்கொண்டோம்.

எனக்குத் தெரிய வந்த விதத்தை எழுதக் கை கூசுகிறது. நம் மாடியில் குடியிருக்கிற ரிட்டயர்ட் முன்சீப் மாணிக்கவாசகம் பிள்ளையை உனக்குத் தெரியும். போன மார்கழியில் ஏதோ சொத்து வழக்கு விஷயமாகப் பழைய தீர்ப்புத் தொகுதி ஒன்று வேண்டும் என்று கேட்டார். அம்பி கோர்ட்டுக்குப் போயிருந்தான். நான் அவன் அலமாரியைத் திறந்து, முதுகில் வருஷத்தைப் பார்த்து, தூசி தட்டி, நானே மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கறையான் அரித்த தொகுதியின் உள்தாள்களை அறுத்தெடுத்துவிட்டு, காலிகோ துணி ஒட்டிய அட்டைக்குள் அவன் அந்தச் சரக்கை வைத்துத் தைத்திருக்கிறான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் அவர் அதைப் பேப்பரில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, தாமே இறங்கிவந்து என் கையில் கொடுத்தார். "வேதாந்தம் சார், நான் கேட்ட வால்யூம் இது இல்ல," என்றார். அவ்வளவுதான். பெரிய மனுஷர், இன்று வரையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் நான் இப்போதும் அவர் படி இறங்கும் சத்தம் கேட்டால் பின்கட்டுக்குப் போய்விடுகிறேன்.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் தப்பு. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவன் இல்லாத நேரத்தில் அலமாரி முழுவதையும் சோதித்து ஐந்து தொகுதிகளை எடுத்துப் பின்கட்டு வெந்நீர் பாய்லரில் போட்டு எரித்தேன். அவன் வந்து காலி இடத்தைப் பார்த்துவிட்டு அலமாரியைச் சாத்தினான். காரியம் முடிந்தது என்று நினைத்தேன். பத்து நாளில் வேறு வந்துவிட்டது. பொங்கல் கழிந்த நாலாம் நாள் நீரஜா பெட்டியை எடுத்துக்கொண்டு நமஸ்காரம் பண்ணினாள். ஏன் என்று அம்மா கேட்டதற்குப் பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்து போவது சௌகரியம் என்றாள். அம்மா அவளை என்னென்னவோ பேசினாள். நான் காரணம் தெரிந்தவன், பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுவாரம் உனக்கு அந்தக் கடிதம் எழுதினேன். அக்கம்பக்கத்தில் நாலு பேர் கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்தது, முதலில் உன்னிடம் சொல்லிப் பார்த்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அதைப் படித்துவிட்டு நீ அவளுக்கு எழுதிய கடிதத்தை நான் பார்த்தேன். மாசி மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது அவளே கொண்டுவந்து காட்டினாள். எங்காத்துப் பிள்ளை வாயில்லாப் பூச்சி, அவனோடு குடித்தனம் பண்ணத் தெரியாதவளுக்கு யாரோடும் தெரியாது என்று எழுதியிருந்தாய். உன்மேல் குற்றமில்லை, நான் கொடுத்ததை வைத்து நீ எழுதினாய். நான் படித்து முடிக்கிற வரையில் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரம்மா என்றேன், உட்காரவில்லை. ஒரு வருஷமாக அவன் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லையாம். மூன்று தடவை கேசவப் பெருமாள் சந்நிதியில் சத்தியம் பண்ணி மூன்று தடவையும் மீறியிருக்கிறான். இதைத் தன் அம்மாவிடம்கூட அவள் சொல்லவில்லை. அங்கேயும் புக்ககத்தில் அனுசரித்துப் போகத் தெரியவில்லை என்று தினமும் திட்டு. பிறகு சொன்னாள், "மாமா, உங்க பிள்ளையோட மானத்தை நான் காப்பாத்திண்டுதான் இருக்கேன். என் மானத்தை நீங்க ஏன் விட்டுக்குடுத்தேள்?" அவள் குரலை உயர்த்தவில்லை. மோர் சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான். வேண்டாம் மாமா என்று போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அம்பியை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனேன். என்ன சொல்லவேண்டும் என்று ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன், அதைப் பார்த்துச் சொல்லவும் தைரியம் வரவில்லை, உன் பெண்டாட்டி நேற்று வந்திருந்தாள் என்று மட்டும் சொன்னேன். அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். முப்பத்திரண்டு வயதுப் பிள்ளை. "நீங்க எரிச்சது ஒரு தடவைப்பா. அதுக்கு முன்னாடி நானே எத்தனை தடவை எரிச்சிருக்கேன், தெரியுமா? சாயங்காலம் ஆனா என் காலு தானா அந்தக் கடைக்குப் போறது," என்றான். சென்ட்ரல் பக்கத்தில் ஒரு பழைய புத்தகக் கடையாம். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அதட்டவேண்டும் என்று நினைத்து வந்தவன் கேட்டது அப்படி. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாயந்தரத்துல என்னைத் தனியா விடாதீங்கோ," என்றான்.

அன்றிலிருந்து கோர்ட் நடக்கிற நாளெல்லாம் நாலரை மணிக்கு ஹைகோர்ட் வாசலில் போய் நின்று, அவனோடு பாரிமுனையில் பஸ் ஏறி லஸ்ஸில் இறங்கி நடந்து வருகிறேன். பழைய சிநேகிதர்கள் பார்த்துவிடுவார்களோ என்று முதலில் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் கண்டக்டர் ஒருவன் தினமும் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, வக்கீலுக்கே வாய்தாவா? டெய்லி இட்டுக்கினு போறியே," என்றான். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அம்பிதான், "எனக்கு ஜாமீன் அவர்தாம்பா, ரெண்டு டிக்கெட் குடு," என்று சொல்லி அவனையும் சிரிக்க வைத்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் வேடிக்கையாகப் பேசிக் கேட்டேன். வழியில் இதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. கேஸைப் பற்றிச் சொல்லுவான், கேட்டுக்கொண்டு வருவேன்.

அடையாற்றில் ஒரு டாக்டரிடமும் போனேன். நண்பருடைய பிள்ளை என்றுதான் சொன்னேன், அப்போதும் என் புத்தி போகவில்லை பார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதற்கு ஊசி மருந்து இல்லை, அவமானப்படுத்தினால் இன்னும் ஒளிந்துகொண்டு செய்வான், தவறினால் வந்து சொல்லலாம் என்று ஓர் ஆள் வீட்டில் இருக்கவேண்டும் என்றார். வாசல் வரையில் வந்து, நண்பரையும் நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள் என்றார். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். குணமாகிவிட்டான் என்று எழுதினால் அது இரண்டாவது பொய். சித்திரையில் எனக்கு ஜுரம் வந்து நாலு நாள் போகவில்லை, மூன்றாம் நாள் அவன் நேரே என் கட்டிலுக்கு வந்து, "இன்னிக்குப் போயிட்டேன்பா," என்றான். கையிலிருந்ததை என்னிடம் கொடுத்தான். நான் வாங்கி, பிரிக்காமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். அதன் பிறகு இன்று வரையில் இல்லை என்கிறான், நான் நம்புகிறேன்.

அம்மாவிடம் போன வாரம்தான் சொன்னேன். வெகு நேரம் கொல்லையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, மாட்டுப்பெண்ணை நான் அத்தனை பேச்சு பேசினபோது நீங்கள் பேப்பர்தானே படித்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். அதற்குப் பிறகு காபி வருகிறது, பேச்சு வருவதில்லை. உனக்கு இதை எழுதப்போகிறேன் என்று அம்பியிடம் சொன்னேன். மூன்று மாதமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன், உன் கடிதம் வராவிட்டால் இப்போதும் எழுதியிருப்பேனோ என்னவோ. "எழுதுங்கோப்பா. நீங்க நீரஜாவைப் பத்தி எழுதினது எனக்கும் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன். நீங்க எழுதாட்டா நான் எழுதறேன்," என்றான். நாளைமறுநாள் இதை நீரஜாவிடம் எடுத்துப்போய்ப் படிக்கக் கொடுத்து, ஒரு வார்த்தை தவறு என்று சொன்னாலும் திருத்தி எழுதிவிட்டுத்தான் தபாலில் போடுவது என்று இருக்கிறேன்.

21-6-1974, வெள்ளிக்கிழமை. மேலே உள்ளது கார்பன் பிரதி, எழுத்து மங்கலாக இருந்தால் கஷ்டப்பட்டுப் படித்துக்கொள். நாளைமறுநாள் என்று எழுதினேனே, நேற்று போனேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்குப் பனகல் பார்க்கில் காத்திருந்து, அங்கேயே ஒரு பெஞ்சில் வைத்து நீரஜாவிடம் அசலைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். மூன்று தடவை சத்தியம் என்று இருக்கிற இடத்தில் நாலு தடவை என்று திருத்தச் சொன்னாள், அசலில் அங்கேயே திருத்தினேன், இந்தப் பிரதியில் நீ அடித்து எழுதிக்கொள். பிறகு தாள்களை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, இதை எங்கம்மா படிக்கலாமா?" என்று கேட்டாள்.

நான் அதை யோசித்துக்கொண்டு போகவில்லை சீதா. உனக்குத் தெரியட்டும், அவளுக்கு நியாயம் கிடைக்கட்டும் என்று நினைத்தேனே தவிர, சம்பந்தி வீட்டில் இதைப் படிப்பார்கள், அங்கிருந்து நீரஜாவின் அத்தைகளுக்கும் மாமாக்களுக்கும் போகும், கோயிலில் எதிரே வந்தால் நம்மைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்பதெல்லாம் அந்தக் கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. வாயால் சொன்னால் போதாதா அம்மா என்று கேட்டேன். "நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க எழுதினா நம்புவா," என்றாள். அம்பியைக் கேட்காமல் நான் சம்மதிப்பது சரியா என்று எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. கடைசித் தாளில் என் முழுப்பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். நமஸ்காரம் பண்ணவில்லை, ஆனால் ரோடு தாண்டும்போது என் குடையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தாள். திரும்பி வருவாளா என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. அங்கிருந்து நான் ஹைகோர்ட் போய்ச் சேர ஆறு மணி ஆகிவிட்டது, அம்பி வாசலிலேயே காத்திருந்தான், பஸ்ஸில் வரும்போது அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லஸ் வரும் வரையில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கும்போது, "அவ அம்மா என்னைக் கண்டா கதவைச் சாத்தட்டும்பா. இனிமே அவளைத் திட்டமாட்டா இல்லையா," என்றான்.

எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் நீரஜாவுக்கு எழுது. மன்னிப்பு என்று ஒரு வரி போதும், நீளமாக எழுதிக் காரணம் சொல்லாதே. அம்பிக்கு எழுதும்போது புத்திமதி வேண்டாம், குழந்தைகள் என்ன படிக்கிறார்கள் என்று எழுது, பதில் போடுவான். வெயிலில் குழந்தைகளை மைதானத்துக்கு விடாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். நீங்கள் எல்லோரும் தீர்க்காயுசாக, ஒருவருக்கொருவர் ஒளிக்க ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று பெருமாளைப் பிரார்த்திக்கும்

உன் அப்பா
வேதாந்தம்