செங்குழியத்தில் உன் பாதி

மச்சான்,

இன்றைக்கு உயிரியல் பாடத்தில் புதிய சேர் கரும்பலகையில் ‘எரித்ரோசைட்’ என்று எழுதி, என்னை வாசிக்கச் சொன்னார். சோக்குத் தூள் மணத்தோடு எழுந்து நின்றேன். வாங்குப் பலகையில் என் பக்கத்தில் நீ இல்லை.

நம் வழக்கம் அவருக்குத் தெரியாது. வாயில் நுழையாத பெயர்களை உடைத்து ஆளுக்கொரு பாதி கத்துவோம். இதில் ‘எரித்ரோ’ எனக்கு. “சைட் அடிக்கிற வேலைய எங்கிட்ட விடு. உன் மூஞ்சிக்கு ஒருத்தியும் திரும்ப மாட்டா” என்று மற்றப் பாதியை நீ எடுத்துக்கொண்டாய். வகுப்பே சிரித்தது. நாம் இருவரும் பாடம் முடியும்வரை வாங்கின் மேல் நின்றோம்.

பிறகு உடம்பில் இரத்தம் ஊறாத வியாதி உனக்கு வந்தது. தெமோதரையில் பஸ் ஏறி, பதுளை ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வருவேன். அங்கேயும் கத்தினோம். யாழ்ப்பாணத்து டொக்டர் ஐயா சிரித்துவிட்டார்.

“இரித்ரோசைட் எண்டு சொல்லுங்கோ. நாலு அசை, ரெண்டாவதில அழுத்தம். கிரேக்கத்தில எரித்ரோஸ் எண்டால் சிவப்பு. கீட்டோஸ் எண்டால் உள்ளுக்கு வெறுமையான கலம். உங்கட புத்தகத்துச் செங்குழியம்தான்.”

“அப்ப கொழுந்துக் கூடைதாங்கய்யா” என்றாய். “எங்கூடை நெறஞ்சிருக்குங்களா?”

அதிலிருந்து இரத்தம் சோதித்து வரும்போதெல்லாம், “முழுப்பேரா, அரைப்பேரா?” என்று கேட்பாய். தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்து நிறை குறைந்தால் நம் அம்மாமாருக்கு அரை நாள் சம்பளம்தானே, அந்த அரைப்பேர். முழுப்பேர் விழுந்தால் உன்னை வீட்டுக்கு விடுவார்கள்.

“முழுப்பேரோட வா. வாங்குல எடம் புடிச்சு வச்சிருக்கேன்” என்பேன்.

கடைசியாக வந்தபோது நீ கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

“அரைப்பேர்கூட இல்லடா” என்றாய். உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில்லென்று இருந்தது.

இன்றைக்கு, “இரித்ரோ” என்றேன், ஐயா சொன்ன அழுத்தத்தோடு. பழக்கத்தில் அங்கேயே நின்றுவிட்டேன்.

“மிச்சம்?” என்றார் சேர்.

மிச்சம் வாய்க்குள்தான் இருந்தது. அதை நானே சொன்னால், நீ இனி வரமாட்டாய் என்று நானும் ஒத்துக்கொண்டதாகிவிடும். உட்கார்ந்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

உன் இடத்தில் என் பை இருக்கிறது. யாரையும் உட்கார விடவில்லை. உன் பாதியை இன்னும் நான் சொல்லவில்லை, மச்சான்.