பெரியவனா, ஓட்டக்காரனா

ஜனவரி 11, ஞாயிறு

பனி. சூரியன் இருக்கவேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு வட்டம். ராயபுரத்திலிருந்து முதல் வண்டி, எண்ணூர். காலைப் பூசை போச்சு. மாலைப் பூசைக்குப் போவதாக ரீட்டாவிடம் வாக்கு.

எல்லப்பன் படகோடு காத்திருந்தான். இருமல் போன வாரத்தைவிட மோசம். டாக்டரிடம் போனாயா என்றேன். "சாம்பல் காத்து மாமு. இந்தக் குப்பத்துல இருமாதவன் யாரு கீறான்?" என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைத்தான்.

அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டைக்கு இந்தப் பக்கம் பூநாரைகள், ஒரு பெருங்கூட்டம். இத்தனை பக்கத்தில் பார்த்ததே இல்லை. பழைய கேமராவின் கண்ணாடி 'டக்' என்று அடித்தது, அவ்வளவுதான். ஒரே ஒரு படம், அதிலும் பாதி வால். பிறகு வெறும் சேறு. இந்தச் சனியனுக்காகத்தான் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் வேண்டும் என்பது. சத்தமே வராது. வாங்குவதென்றால் ஃபுல் ஃபிரேம்தான். இந்தச் சீசன் முடிவதற்குள் வாங்கியே தீருவது.

பாலத்துக்கு மேலே சூரியன் கிழித்துக்கொண்டு வந்தபோது எல்லப்பன் முன்னால் நின்று கழி ஊன்றிக்கொண்டிருந்தான். தலை சரியாகச் சூரியனை மறைத்தது. குனி என்றேன். குனிந்தான். பழகிவிட்டது அவனுக்கு. நான் கேமராவைத் தூக்கினாலே இப்போதெல்லாம் தானாக மடங்கிக்கொள்கிறான். படம் அருமை. படகின் மூக்கு, ஆறு, சூரியன், தூரத்தில் புகைபோக்கிகள். ஆள் இல்லை.

கரைக்கு வந்ததும் கேட்டான். "என்னிய ஒரு போட்டோ புடிச்சுக் குடு மாமு. வூட்ல மாட்டணும்னு செல்வி சொல்லிக்கினே கீது." செல்வி அவன் மனைவி. கல்யாண ஆல்பம் புயல் வெள்ளத்தில் ஊறி, பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போனதிலிருந்து வீட்டில் படமே இல்லையாம். புதுக் கேமரா வரட்டும், முதல் படமே உன்னுடையதுதான் என்றேன். அவன் தன் போனை நீட்டி, இதுலயே ஒண்ணு எடேன் என்றான். திரை கீறல் விழுந்த போன். போனில் எடுப்பதெல்லாம் படமா என்று தள்ளிவிட்டேன். வெளிச்சமும் ஏறிவிட்டது, மூஞ்சியில் நிழல் விழும்.

ஒரு பை இறால் கொடுத்தான். ரீட்டா தொக்கு வைத்தாள். மாலைப் பூசைக்கும் போகவில்லை. தூங்கிவிட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

வெயில். துறைமுக வாசலில் டிரெய்லர்கள் நகரவில்லை. பாஸ் கேட்டு என் கவுண்டருக்கு வந்த டிரைவர்கள் எல்லாரும் என் மேல் எரிந்து விழுந்தார்கள். நானும் விழுந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில், வாங்க நினைக்கும் இரண்டு கேமராவையும் ஒப்பிட்டேன். மாடல் பெயர்களில் எண்ணும் எழுத்தும் குழப்புகிறது. நானே பெயர் வைத்துவிட்டேன்.

பெரியவன் — பிக்சல் அதிகம். ஒரு மூலையை வெட்டி எடுத்தாலும் சுவர் அளவுக்குப் பெரிதாக்கலாம். புகையும் வெயிலும் ஒன்றாக இருந்தாலும் இரண்டையும் தாங்கும். லேண்ட்ஸ்கேப்புக்கு இவன்தான். ஆனால் மெதுவானவன். சத்தமில்லாமல் எடுத்தால் பறவையின் இறக்கை படத்தில் வளைந்து விழுகிறதாம்.

ஓட்டக்காரன் — பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிப்பான். விடமாட்டான். இறக்கை வளையாது. பிக்சல் பாதிதான். வெட்டினால் ஒன்றும் மிஞ்சாது.

உப்புக்காற்று, தூசி: இருவரும் தாங்குவார்களாம். சொல்கிறவன் எவனும் எண்ணூருக்கு வந்ததில்லை.

விலையை இங்கே எழுதவில்லை. ரீட்டா கண்ணில் பட்டால் நான் வீட்டில் இருக்க முடியாது.

ஜனவரி 14, புதன். போகி

தெரு முழுக்க டயர் புகை. மணலி ஆலைப் புகையோடு இதுவும் சேர்ந்து எதிர்வீடு தெரியவில்லை. மூக்கைச் சிந்தினால் கறுப்பு. பழைய கேமராவையும் தூக்கிப் போடுங்களேன், எரிந்து தொலையட்டும் என்றாள் ரீட்டா. பல் துலக்கும்போதுகூட கேமரா பற்றிய வீடியோ கேட்கிறேனாம். உண்மைதான்.

எல்லப்பனுக்கு போன் போட நினைத்தேன். இந்தப் புகைக்கு அவன் இருமல் என்ன ஆகியிருக்கும். போடவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

தெளிந்த வானம். ஆற்றுக்குப் போகாமல் அண்ணா சாலைக் கடைக்கு. பெரியவனைக் கையில் பிடித்தேன். கைப்பிடி என் விரல்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல. வாங்கிவிடலாம் என்று நினைத்தபோது கடைப் பையன் ஓட்டக்காரனைக் கொடுத்து வாசல் புறாவைக் காட்டினான். கண்ணில் ஒரு சின்னக் கட்டம் போய் உட்கார்ந்தது, புறா திரும்பியபோது அதுவும் கூடவே திரும்பியது. எல்லாம் குழம்பிவிட்டது. வெறுங்கையோடு திரும்பினேன்.

வண்டியில் வரும்போது எல்லப்பன் போன். பூநாரைகள் படகுத்துறைக்கே வந்துவிட்டனவாம். "இன்னா மாமு, வர்ல?" என்றான். கேமரா வந்ததும் வருகிறேன் என்றேன். "நீ இன்னா கேமரா வச்சிக்கீறன்னு பட்சிக்கு இன்னா தெரியும்?" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகி நிற்கவில்லை. செல்வி போனை வாங்கி வைத்துவிட்டாள்.

ஜனவரி 25, ஞாயிறு

மேகம். இன்றும் ஆற்றுக்குப் போகவில்லை. ஒரு வெள்ளைக்காரன் பனிமலையில் நின்று பெரியவனைப் புகழ்கிறான். இன்னொருவன் ஏதோ ஏரியில் நின்று அதையே திட்டுகிறான். காலையிலிருந்து சாயங்காலம்வரை இதுதான். கண் எரிச்சல்.

எல்லப்பனிடமிருந்து ஒரு அழைப்பு வந்திருக்கிறது. வீடியோ ஓடிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. நாளை பேசிக்கொள்ளலாம்.

பெரியவன் என்று ஏறக்குறைய முடிவு.

ஜனவரி 28, புதன்

எல்லப்பன் செத்துப்போனான்.

ஞாயிற்றுக்கிழமையே மூச்சு வாங்கியிருக்கிறது. பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் என்னை அழைத்திருக்கிறான். ஆஸ்பத்திரி மாமு வீட்டுப் பக்கம்தானே, வந்து நிற்பான் என்று செல்வியிடம் சொன்னானாம். நான் மறுநாளும் பேசவில்லை. திங்கள், செவ்வாய் என்ன செய்தேன்? யோசித்துப் பார்த்தால் லென்ஸ் விலை பார்த்தேன்.



ஜனவரி 29, வியாழன்

வெயில். குப்பத்தில் மேளம், பட்டாசு. ஆட்டம் போட்டவர்கள் நடுவே வழிவிட்டு என்னை முன்னால் தள்ளினார்கள். படகுத் தோஸ்து என்று எல்லாருக்கும் தெரியும். முகம் சிறுத்திருந்தது. மூக்கில் பஞ்சு. நேராகப் படுத்திருந்தான். இத்தனை வருடத்தில் அவன் முகத்தை இப்படி நின்று பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வலது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. எனக்குத் தெரியாது.

குப்பத்தில் யார் செத்தாலும் அன்றைக்கே கம்பத்தில் பேனர் ஏறிவிடும். இவனுக்கு ஏறவில்லை. படம் இல்லை. மகன் போனில் இருப்பதெல்லாம் மகன் மூஞ்சிதானாம். எடுத்துப்போன பிறகு செல்வி என்னிடம் வந்தாள். அழுது குரல் போயிருந்தது.

"அண்ணா, உங்க கைல அது படம் எவ்ளோ இருக்கும். நல்லதா ஒண்ணு குடுங்க. காரியத்துக்குள்ள பேனர் போட்டுர்லாம்."

எவ்வளவோ இருக்கிறது, நாளைக்கே தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 31, சனி

லீவு போட்டேன். காலையிலிருந்து ஹார்ட் டிஸ்க். எத்தனை வருஷப் படங்கள். எல்லாமே அவன் படகில் போய் எடுத்தவை.

கிடைத்தவை:
கழி, அதைப் பிடித்த கை.
குனிந்த முதுகு, பச்சை பனியன்.
தண்ணீரில் அவன் நிழல், அலையில் உடைந்து.
படகு ஓரத்தில் பீடிக்கட்டு. அதை அழித்துவிட நினைத்து மறந்திருக்கிறேன்.
ஒரு கால்.

ஒன்றே ஒன்றில் முகம். முன்னால் சாம்பல் நாரை, அதன் கண்ணில் ஈரம்கூடத் தெரிகிறது. பின்னால் மூலையில் எல்லப்பன், எதையோ பார்த்துச் சிரிக்கிறான். ஃபோகஸ் நாரை மேல். அவனை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினேன். பழுப்பாக ஒரு திட்டு, அதில் வெள்ளையாகப் பல். அவனைத் தெரிந்தவனுக்குத்தான் அவன் என்று தெரியும்.

பெரியவனாக இருந்தாலும் உதவாது. ஓட்டக்காரனும் நாரையைத்தான் பிடித்திருப்பான். இப்போதும் இதைத்தான் யோசிக்கிறேன் பார். என் மேலேயே அருவருப்பு.

ரீட்டா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அவர் போன்லயாவது ஒண்ணு எடுத்திருக்கலாம்ங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

தூறல், காலமில்லாத காலத்தில். கடைப் பையன் அழைத்தான். பெரியவன் ஸ்டாக் வந்துவிட்டதாம், எடுத்துவைக்கட்டுமா என்றான். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

செல்விக்கு போன் செய்து படம் இல்லை என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. "இன்னா அண்ணா சொல்றீங்க, வாராவாரம் வருவீங்களே" என்றாள். நான் எடுத்தது பறவைகளை என்றேன். சரி, ஆதார் கார்டுல கீது, அத்த வச்சிப் பாக்கறோம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

பேனர் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 9, திங்கள்

வெயில், புழுக்கம். திருவொற்றியூரில் ஒரு ஃபிளெக்ஸ் கடை. ஆதார் படத்தை ஸ்கேன் செய்து திரையில் போட்டான் கடைக்காரன். போலீஸ் ஸ்டேஷன் படம் போல இருக்கிறது. மிரண்ட கண். எந்த வருடம் எடுத்ததோ, மீசைகூட வேறு. எண்ணூர் குப்பத்திலேயே பாதிப் பேருக்கு இது எல்லப்பன் என்று தெரியாது.

முகத்தை வெட்டி ஒரு கோட் சூட்டின் மேல் ஒட்டினான். எல்லாருக்கும் இதே கோட்தானாம். எல்லப்பன் கோட் போட்டு நான் பார்த்ததில்லை. நெற்றிச் சுளிப்பை அழித்தான். தழும்பும் போயிற்று. அதை மட்டும் திரும்ப வைக்கச் சொன்னேன்.

பின்னால் என்ன போடலாம் என்று கேட்டான். அருவி, ரோஜாத் தோட்டம், மேகம் எல்லாம் வைத்திருக்கிறான். பென்டிரைவில் ஒரு படம் இருக்கிறது என்றேன். ஜனவரி 11 படம். படகின் மூக்கு, ஆறு, சூரியன். "சூப்பரா கீது சார். நெட்ல எடுத்ததா?" என்றான். ஆமாம் என்றேன்.

எல்லப்பனை இழுத்து ஆற்றின் நடுவில் நிறுத்தினான். தள்ளி உட்கார்ந்து பார்த்தான். ஏதோ பிடிக்கவில்லை அவனுக்கு.

"சார், தல சூரியன மறைக்குது. ஆள கொஞ்சம் கீழ எறக்கட்டா?"

வேண்டாம்பா, அப்படியே நிற்கட்டும் என்றேன்.