இலைப் புள்ளிகளும் ஒரு சத்தியக் கடதாசியும்

மாத்தளை,
12.10.2025

அன்பு மனைவி ஜஸ்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் நிப்லாவும் நலம். அவளுக்கு இருமல் விட்டுவிட்டது. உன் சுகம் கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

புதன்கிழமை நீ ஜப்பானிலிருந்து அழைத்து, நீங்கதான் என்னக் கள்ளியாக்கிட்டீங்க என்று சொல்லிப் போனை வைத்தாய். அதன்பிறகு நான் எத்தனை தடவை அழைத்தும் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் எழுதுகிறேன்.

செய்தது தப்புத்தான். உன் ஆராய்ச்சிக்காகப் பதினொரு வாரம் ஞாயிறு தவறாமல் றத்தோட்டைக்கு பஸ் ஏறி, உன் வாப்பாவின் மிளகுத் தோட்டத்தில் நீ நூல் கட்டிவிட்டுப் போன அதே நாற்பது இலைகளை, அட்டைக் கடி வாங்கிக்கொண்டு படமெடுத்தேன். வாப்பாவின் தோட்டம் வெளிநாட்டார் கண்ணுக்குச் சொத்தையாகத் தெரியக் கூடாதென்று, அசிங்கமாக இருந்த புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் நல்ல பச்சையை வெட்டி ஒட்டி அழித்துவிட்டு அனுப்பினேன். பதினாறு வருடமாகக் கல்யாண ஸ்டூடியோ நடத்துகிறேன். மணமகளின் முகப்பருவோடு என் கடையிலிருந்து ஓர் ஆல்பமும் வெளியே போனதில்லை.

நீ அளந்துகொண்டிருந்ததே அந்தப் புள்ளிகளைத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேமரா எத்தனை அங்குல உயரம், நிறம் சரிபார்க்கும் வெள்ளை அட்டை எந்தப் பக்கம், காலை எத்தனை மணி என்று ஆறு பக்கம் எழுதினாய். படத்தில் கை வைக்காதீர்கள் என்று ஒரு வரி இல்லை. கேட்டால், அது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும் என்கிறாய். நான் எப்போது உன் துறையில் சேர்ந்தேன்?

இப்போது ஒரே பச்சைத் துண்டு இரண்டு இலைகளில் ஒட்டியிருப்பதை உன் பேராசிரியரின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, நீதான் படங்களை மாற்றினாய் என்று விசாரணை வைக்கிறார்களாம். என் கைவேலையால் உன் நாலு வருடப் படிப்பு போகப் பார்க்கிறது.

திருத்தாத படங்களைத் தேடினேன். ஒன்பது வாரத்துப் படங்கள் கிடைத்தன. மற்ற இரண்டு வாரமும் இருந்த கார்டில் றிஸ்வான் நானாவின் மகள் கல்யாணத்தை எடுத்துவிட்டேன். அழித்த புள்ளிகளைத் திரும்ப வரைந்துவிடலாமென்று ஓர் இலையில் செய்தும் பார்த்தேன். எந்தக் கம்ப்யூட்டரும் பிடிக்காது, அவ்வளவு அச்சாக வந்தது. பயந்துபோய் அதை அழித்தேன். இரண்டு வாரம் இல்லையென்றே சொல்.

ஒன்பது வாரத்துப் படங்களும் இத்துடன் வரும் டிஸ்க்கில் இருக்கின்றன. படங்களைத் திருத்தியது நான், என் மனைவிக்குத் தெரியாது என்று சத்தியக் கடதாசியும் முடித்து அதோடு வைத்திருக்கிறேன். சமாதான நீதவான் பஸீர் ஹாஜியார் இரண்டு தரம் வாசித்துவிட்டு, எலைக்குப் பவுடர் பூசினதுக்கும் சத்தியக் கடதாசியா தம்பி என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ போனை வைத்ததும், அவர்கள் துரத்திவிட்டால் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று எனக்குச் சந்தோஷம் வந்தது. ஒரு நிமிடம்தான், ஆனால் வந்தது. அதற்கும் என்னை மன்னித்துவிடு. கடதாசியை அவர்களிடம் கொடு, அல்லாஹ் உன் பெயரைக் காப்பாற்றுவான். படிப்பை முடித்துக்கொண்டே வா. அதுவரை, ஏசுவதற்காவது போனை எடு.

உன்,
முஸம்மில்