இத்தாலியில் எடுத்த படம்

குதைபியா, மனாமா
14.9.1982

சிவமலரின் அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தைப் பிறகு விசாரிக்கிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது.

நான் சைக்கிளில் இருக்கும் படத்தைப் பார்த்து ஊர் சிரிக்கிறதாம். அதனால் சிவமலரின் சைக்கிளைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறீர்களாம். பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருக்கிறாளாம். படத்தில் இருப்பது நான், தண்டனை அவளுக்கா? நல்ல நியாயம்!

அது ஊர் பார்க்க அனுப்பிய படமல்ல. இங்கிருந்து லீவில் ஊருக்கு வந்த அரியரத்தினத்திடம் பிள்ளைக்கென்று கொடுத்துவிட்டது. கவரை ஒட்டிக் கொடுத்தால் கொண்டுபோகிறவரைச் சந்தேகிப்பது போலாகிவிடும். அதனால் இங்கே எல்லோரும் செய்வதுபோல நானும் ஒட்டாமல் கொடுத்தேன். அந்த மனுஷன் நம் வீட்டு வாசல் படலைக்கு வருமுன்பே தேத்தண்ணிக் கடையில் இறங்கி, "மார்க்கண்டுவின்ர மனுசி காற்சட்டையோட சைக்கிள் ஓடுறா, பாருங்கோ" என்று காட்டியிருக்கிறார். நாசமாய்ப் போக! அவரிடம் ஒரு வார்த்தை கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை.

நான் வேலை செய்கிற வெள்ளைக்காரக் குடும்பம் இத்தாலியில் சைக்கிளில் ஊர் சுற்றியது. நான் மூட்டை முடிச்சோடும் அவர்களின் கைக்குழந்தையோடும் ரயிலில் முன்னால் போய் ஹோட்டலில் காத்திருப்பேன். அதுதான் எனக்கு விடுமுறை. ஒரு கடற்கரை ஊரில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. துரை காலைச் சுளுக்கிக்கொண்டு படுத்திருந்தார். மேடம் தன் சைக்கிளைத் தந்து மருந்து வாங்கி வரச் சொன்னார். சேலை சங்கிலியில் மாட்டுமென்று தன் காற்சட்டையையும் தந்தார். தாலி எங்கே என்று உங்கள் அக்கா கேட்டாவாம். சட்டைக்குள்ளே கிடந்தது என்று சொல்லுங்கள்.

பாஷை தெரியாத ஊர். கல் பதித்த ஒழுங்கைகளில் ஒன்று தேவாலயத்தில் கொண்டுபோய் விட்டது, இன்னொன்று மீன்சந்தையில். மீன் விற்றவள் ஒருத்திதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மருந்துக்கடையைக் காட்டினாள். மருந்து குடித்துக் குழந்தை கண்ணயர்ந்ததும், நீயும் ஊரைப் பார்த்துவிட்டு வா என்று மேடமே அனுப்பினார்.

கடலோரமாக நீளத்துக்கு ஒரு பாதை. கலியாணத்துக்குப் பிறகு உங்கள் வீட்டில் என்னைச் சைக்கிளில் ஏற விட்டீர்களா? அன்றைக்கு மூச்சு வாங்கும்வரை மிதித்தேன். தனியாக ஒரு ஐஸ்கிரீம் தின்றேன். திரும்பி வந்தபோது மேடம் எடுத்த படம் அது. சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். வருஷம் முழுக்க ஊரார் பிள்ளைகளின் உடுப்புத் தோய்க்கிறவள் ஒரு பின்னேரம் சிரிக்கக் கூடாதா?

டிசம்பரில் பிள்ளைக்குச் சோதனை. நடந்து போகிற தூரமா அந்தப் பள்ளிக்கூடம்? அவள் இந்தச் சோதனையை எழுதாவிட்டால், நாளைக்கு அவளும் இங்கே வந்து என் பக்கத்தில் நின்று கோப்பை கழுவவேண்டியதுதான். அதையா விரும்புகிறீர்கள்?

உங்கள்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் முருகனிடம் உங்களுக்காகவும்தான் கேட்கிறேன். முழங்காலுக்கு எண்ணெய் போட மறக்கவேண்டாம்.

இதற்கு நீங்கள் பதில் எழுதவேண்டாம். பிள்ளை எழுதட்டும். அவளே சைக்கிளில் போய்த் தபாலில் போட்டுவிட்டு வரட்டும். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் ஊருக்கு வர லீவு கேட்பேன்.

உங்கள்
கமலேஸ்வரி