காற்று வரவில்லை என்று எழுதமாட்டேன்

அன்பு மகள் தோன்காவுக்கு,

நானும் அப்பாவும் நலமாயிருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் தெற்குக் காற்று அடிக்கும் நாட்களில் முனகுகிறது. நியூசிலாந்தில் உனக்கும், நீ பாய்மரப் படகு பழக்குகிற பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாது. நலம் விசாரித்தாயிற்று, இனிக் கோபமாகத்தான் எழுதப் போகிறேன், உட்கார்ந்து படி.

"காற்று வரவில்லை என்றே எழுதிவிடு அம்மா, ஷ்பீரோவைப் பகைத்துக்கொள்ளாதே" என்று எழுதியிருக்கிறாயே, எப்படி மனம் வந்தது உனக்கு? இளையோர் உலகப் பாய்மரப் படகுப் போட்டியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள், போட்டி நடந்த ஒவ்வொரு ஊரும் தன் வருடத்தைப் பற்றி எழுதித் தர வேண்டும். நம் படகுச் சங்கத் தலைவர் ஷ்பீரோ வீட்டுக்கே வந்து, "காலேஜ் படிச்சவங்க நீங்கதான் வாத்தியாரம்மா, ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. காத்து வரல, பந்தயம் நடக்கல, அவ்வளவுதான் விஷயம்" என்றார். பள்ளி நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவளை வாத்தியாரம்மா என்பது அவருடைய பழைய கேலி. மாதிரிக்கு மற்ற ஊர்களின் பக்கங்களையும் தந்தார். ஆரம்ப வருடங்களில் தகப்பன்மார்கள் மாட்டுக் கொட்டகையில் பலகை அடித்துப் படகு செய்தது, ஒரு நாட்டுப் பிள்ளைகளின் படகுகள் எல்லையில் மாட்டிக்கொள்ள எதிரிகளே தங்கள் படகைக் கடன் கொடுத்தது எல்லாம் இருக்கிறது. வடக்கே ஓர் ஏரிக்கரை ஊரில் படகுகள் சுற்றித் திரும்ப வேண்டிய மிதவை அறுந்துபோய், பிள்ளைகள் யாரோ ஒரு மீனவனின் வலை மிதவையைச் சுற்றி வந்தார்களாம், இரண்டாம் சுற்றுக்குள் அவன் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டானாம். தங்கள் முட்டாள்தனத்தைத் தாங்களே எழுதிச் சிரித்திருக்கிறார்கள். நம்மால் மட்டும் ஏன் முடியாது?

நான்கு பந்தயமாவது முடிந்தால்தான் பட்டம், கடைசி நாளில் மூன்று மணிக்கு மேல் பந்தயம் தொடங்கக் கூடாது, இது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் நடந்த அந்த வருடம் மூன்று முடிந்திருந்தது, நீ முதலிடத்தில் இருந்தாய். கடைசி நாளன்று காற்றில்லாமல் பந்தயத்தைத் தள்ளிவைத்துக் கம்பத்தில் சிவப்பு வெள்ளைக் கொடி ஏற்றியிருந்ததால் ஒருவரும் கரையை விட்டு நகர முடியாமல், மிதவைச் சட்டையோடு எல்லாப் பிள்ளைகளும் வெயிலில் கல்லணை மேல் உட்கார்ந்திருந்தீர்கள். சங்கத்துச் சமையலறையில் மற்ற அம்மாக்களோடு ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்த நான் ஜன்னல் வழியே பார்த்தேன், தீவுக்கு அப்பால் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது, மத்தியானக் கடற்காற்று. உள்ளே அமைச்சருக்கு விருந்து. பத்துப் பேர் முன்னால் வாய் திறக்காத நான், பந்தயத்தைத் தொடங்கிவைக்க வேண்டிய ஷ்பீரோவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, "அண்ணே, காத்து வந்திருச்சு" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "காத்து எங்கயும் ஓடிப்போகாது வாத்தியாரம்மா, ஆட்டுக்கறிதான் ஆறிப்போகும்" என்றார், மேசை முழுக்கச் சிரித்தது. வாயைத் துடைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோது கொடிக்கயிறுகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. "அடடா, மூணு தாண்டிருச்சே, விதின்னா விதிதான்" என்றார். இரண்டாவதாக இருந்த எஸ்தோனியப் பையன் சுக்கானைக் கழற்றிக் கல்லில் வீசினான். நீ இருட்டும் வரை மிதவைச் சட்டையைக் கழற்றவில்லை.

பட்டம் போனதற்காக நான் ஆத்திரப்படுகிறேன் என்று நினைக்கிறாய், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. அந்தப் பந்தயம் நடந்திருந்தால் நீ தோற்றிருக்கலாம், பலத்த காற்றில் அந்தப் பையன் உன்னைவிடக் கெட்டிக்காரன். தோற்பதையும் சேர்த்துத்தான் உங்களிடமிருந்து பிடுங்கினார்கள். பிடுங்கிவிட்டுப் பழியைக் காற்றின் மேல் போடுகிறார்கள், அது வந்து மறுத்துப் பேசாது பார்.

நான் எழுதியதை நேற்று சங்கக் கூட்டத்தில் நானே வாசித்தேன். காது சுட்டது, ஆனால் ஒரு வரியும் விடவில்லை. "வரலாத்துல ஆட்டுக்கறி எதுக்கும்மா?" என்று யாரோ சிரித்தார்கள். ஷ்பீரோ சிரிக்கவில்லை. "உங்க மக உலகப் போட்டிக் கமிட்டித் தேர்தல்ல நிக்குறா. என் கையிலயும் ஒரு ஓட்டு இருக்கு, மறந்துட்டீங்களா?" என்றார். அடுப்போரம் உட்கார்ந்திருந்த உன் அப்பா, "அதையும் எழுதிக்கடி மரியேத்தா, அரைப் பக்கம் கொறையுதுன்னியே" என்றார். எழுதிக்கொண்டேன். இன்று காலை புத்தகக்காரர்களுக்கே நேராக அனுப்பிவிட்டேன், என் பெயரைப் போட்டு.

அந்த ஓட்டு உனக்குக் கிடைக்காமல் போனால் அது என்னால்தான். வேண்டிய மட்டும் என்னைத் திட்டு, ஆனால் தொலைபேசியில் திட்டு, குரலாவது கேட்கும். வெயிலில் உதடு வெடிக்காமல் களிம்பு போடு. அப்பாவின் பெயருக்குரிய புனிதரின் திருநாளை மறந்துவிடாதே. புனித நிக்கோலா உன்னைக் கரையிலும் கடலிலும் காக்கட்டும். என்றைக்காவது நீ கமிட்டியில் உட்கார்ந்தால், காற்று வந்ததும் சாப்பாட்டை விட்டு எழுந்திரு, கை கழுவக்கூட நிற்காதே.

கோபம் ஆறாத உன் அம்மா,
மரியேத்தா